கோவிந்தனும் அரசமரமும்

1

தமிழ் நாவலின் வரலாறு என்று நாம் எழுதிவைத்திருப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1898இல் மாதவய்யாவின் ‘பத்மாவதி சரித்திரம்’. அதற்குப் பிறகு விமர்சகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தாவலில் 1933இன் ‘மணிக்கொடி’க்கு வந்து சேர்கிறார். இடையில் உள்ள முப்பத்தைந்து வருஷங்களைப் பற்றிக் கேட்டால், அது துப்பறியும் நாவல்களின் காலம் என்று கையை உதறிவிடுகிறார். இருண்ட காலம் என்று பெயர் வைத்துவிட்டால் விளக்கேற்றிப் பார்க்கவேண்டிய பொறுப்பு நமக்கில்லை அல்லவா?

இருட்டில் விடப்பட்டவர்களில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவர் முக்கியமானவர்கள். முதலிருவரும் எழுதிக் குவித்தவர்கள். ரங்கராஜு அப்படியல்ல. ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, ‘மோகனசுந்தரம்’, ‘ஆனந்தகிருஷ்ணன்’, ‘இராஜேந்திரன்’, ‘வரதராஜன்’ என்று கைவிரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். 1875இல் பிறந்து 1959இல் மறைந்தார். சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய வருஷமும் 1959தான். ஒருவர் போனதை மற்றவர்கள் கவனித்ததற்கான சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. கவனிக்கவேண்டிய அவசியம் இருந்ததாகவே அன்று யாருக்கும் தோன்றியிராது.

ரங்கராஜுவை இலக்கியகர்த்தா என்று நிலைநாட்டுவது என் நோக்கமல்ல. அவருடைய வாக்கியங்கள் தளர்ந்தவை. பாத்திரங்கள் நல்லவர், கெட்டவர் என்று முதல் அறிமுகத்திலேயே சீட்டுக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தக் கேள்வி ரங்கராஜுவைப் பற்றியது மட்டுமல்ல, நம் நவீன உரைநடையின் பிறப்பைப் பற்றியதும்தான். நான் இருப்பது புதுச்சேரியின் வைத்திக்குப்பத்தில். அந்தக் கேள்வி இந்த ஊர் வழியாகவே எனக்கு வந்து சேர்ந்தது.

2

துப்பறியும் கதை தமிழுக்கு வந்த வழியை முதலில் பார்த்துவிடலாம். 1894இல் பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ‘டிக் டோனவன்’ என்ற புனைபெயரில் வந்துகொண்டிருந்த கதைகளின் நாயகன்தான் இங்கே தானவன் ஆனான். பெயர் மாற்றத்தில் உள்ள சாமர்த்தியம் ரசிக்கத்தக்கது. டோனவன் ஒரு எழுத்தில் அசுர குலத்தவனாகிவிட்டான்.

ஆரணியாருக்கும் வடுவூராருக்கும் ரெயினால்ட்ஸ் வாய்த்தார். லண்டனின் மர்மங்களை 1844 முதல் வாரப் பிரசுரமாக விற்றவர் அவர். அவருக்கு முன்மாதிரி 1842-43இல் பாரிஸ் தினசரியில் தொடராக வந்த யூஜின் சூவின் ‘பாரிஸ் மர்மங்கள்’. ஆக, சரக்கு பாரிஸில் உற்பத்தியாகி லண்டனில் மறுமூட்டை கட்டப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. பாரிஸின் மொழியை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரு தமிழ் ஊர் தெற்கே நூறு மைலில் இருந்தது. 1827 முதல் பொது நூல்நிலையமும் வைத்திருந்தது. அந்த ஊரின் வழியாகச் சரக்கு வரவில்லை. பிரெஞ்சு தெரிந்த தமிழர்கள் நிறையப் பேர் இருந்தும் பிரெஞ்சுக் கதை ஆங்கிலத்தின் வழியாகத்தான் தமிழுக்கு வந்தது. நம் இலக்கியத் தொடர்புகளை மொழியறிவைவிட அச்சகங்களும் தபால் வண்டியும் தீர்மானித்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

வந்த சரக்கு இங்கே என்னவாயிற்று என்பதுதான் முக்கியம். 1908இல் வெளிவந்த ‘இராஜாம்பாள்’ நாவலில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அடையாளம் தெரியாதபடி கருகிய ஒரு பெண்ணுடல் கிடைக்கிறது. காதலன்மேல் கொலைப்பழி விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் வருகிறான். கருகிய உடல் அவளுடையதல்ல என்று தெரியும் வரை மாறுவேடங்கள், பொய்ச் சாட்சிகள், கோர்ட்டு. எலும்புக்கூடு இரவல்தான். ஆனால் சதை இங்கேயுள்ளது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை யார் தீர்மானிப்பது, பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது, வீட்டுக்குள் யார் யாருக்கு விரோதி என்பவைதான் கதையின் உண்மையான சங்கதிகள். ‘சந்திரகாந்தா’வில் குற்றவாளி ஒரு மடாதிபதி. 1936இல் ராஜா சாண்டோ அதைப் படமாக எடுத்தபோதும் மடத்தின் ஆபாசம்தான் பேசப்பட்டது. வடுவூராரின் ‘மேனகா’வில் வக்கீல் வீட்டு மருமகளைக் கணவனின் விதவைச் சகோதரிகளே ஒரு பணக்காரனுக்கு விற்றுவிடுகிறார்கள். அவளைக் காப்பாற்றுவது அந்தப் பணக்காரனின் மனைவி நூர்ஜஹான். அக்ரஹாரம் விற்ற பெண்ணை ஒரு முஸ்லிம் பெண் மீட்கிறாள் என்ற கதையை, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் கேட்டன.

லண்டன் மர்மங்களில் குற்றம் தெருவில், சேரியில், பிரபுவின் மாளிகையில் இருக்கிறது. தமிழில் அது கூடத்திலும் சமையலறையிலும் மடத்தின் உள்கட்டிலும் இருக்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்தவர்களைத் தழுவல்காரர்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா? வங்கியில் நான் தினமும் மாதிரிக் கையெழுத்தோடு காசோலையை ஒப்பிடுகிறேன். வளைவு ஒத்திருந்தாலும் அழுத்தம் வேறாக இருந்தால் போட்டது வேறு கை என்று தெரிந்துவிடும். ரங்கராஜுவின் அழுத்தம் அவருடையதுதான்.

மாறுவேடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் சுருட்டுச் சாம்பலைப் பார்த்து ஆளைச் சொல்லுவான். அவனும் வேடம் போடுவான், ஆனால் அவன் மூளைதான் கதை. கோவிந்தனுக்கு வேடம்தான் கதை. இதைக் கற்பனை வறட்சி என்று நினைத்திருந்தேன். இன்று எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. நம் சமூகத்தில் தடயம் சாம்பலில் கிடைக்காது, பேச்சில்தான் கிடைக்கும். அந்தப் பேச்சைக் கேட்க எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், எந்த வாசலோடு யார் நிற்கவேண்டும், கொல்லைப்புறம் வழியாக யார் வரலாம் என்பதெல்லாம் பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்டது. எல்லா வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய ஒரு மனிதனை ஜாதி கட்டிய ஒரு ஊரில் கற்பனை செய்யவேண்டுமானால் வேடம் போட்டுத்தான் ஆகவேண்டும். வடுவூரார் இன்னும் நேராகப் போனார். அவருடைய துப்பறிபவர் ஒரு சாமியார், ‘திகம்பர சாமியார்’. எந்த வீட்டு வாசலும் மறுக்காத ஆள். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியபோது நம்பியார் வேடத்துக்குமேல் வேடமாகப் போட்டுக்கொண்டு போனார். கொட்டகையில் சிரித்தவர்கள், ஒரே ஆள் எல்லாத் தெருக்களிலும் நடமாடுவதைப் பார்த்த சந்தோஷத்திலும்தான் சிரித்திருப்பார்கள்.

இந்த நாவல்கள் புத்தகமாக மட்டும் நிற்கவில்லை. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களைப் பாய்ஸ் கம்பெனிகளுக்காக நாடகமாக்கினார். ‘மேனகா’வை டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்தார்கள், 1935இல் அது படமாகவும் வந்தது. வள்ளியும் அரிச்சந்திரனும் பாடிக்கொண்டிருந்த மேடையில் கோட்டுப் போட்ட மனிதர்கள் வசனம் பேசினார்கள். தமிழ் மேடைக்கு உரைநடை பழகியதில் கோவிந்தனின் பங்கு பெரியது. நம் நாடக விமர்சனம் இன்னும் இதைக் கணக்கில் எழுதவில்லை.

3

இப்போது புதுச்சேரிக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. இலாகா அமைந்தது 1906இல். இரண்டு வருஷம் கழித்து ‘இராஜாம்பாள்’. அதே 1908இன் செப்டம்பரில், கைதாகாமல் தப்பிக்கப் பாரதி இங்கே வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே வருஷம் வ. வே. சு. ஐயரும் வந்தார். லண்டனிலிருந்து தப்பிய ஐயர் சீக்கியராக வேடமிட்டிருந்தார். பெட்டியின் மேலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைப் பார்த்து ஒற்றன் சந்தேகப்பட்டபோது, வீர விக்ரம் சிங் என்று விளக்கம் சொல்லித் தப்பினார் என்பது அவர் சரித்திரத்தில் எல்லோரும் சொல்லும் சம்பவம். ரங்கராஜு எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டார். அதன்பின் புதுச்சேரியில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் மொய்த்தார்கள். அவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பிரெஞ்சு முறையில் புலன்விசாரணை நடத்துவது ஒரு நீதிபதி. அவர் முன் ஏதாவது சாட்சியம் போய் விழுந்தால்தான் வீடுகளைச் சோதனை போட முடியும். சாட்சியம் இல்லை. எனவே அதைத் தயாரித்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி வந்து விழுந்தது. தண்ணீர் இறைக்கப் போன வேலைக்காரப் பெண்ணின் கையில் அது அகப்பட்டது. உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள். சுதேசிகள் கலந்து பேசினார்கள். ஜாடியைத் தாங்களே பிரெஞ்சுப் போலீசிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். பின்னர் புகாரின்பேரில் சோதனை நடந்தபோது, அரவிந்தர் வீட்டுக்கு வந்த நீதிபதி நாந்தோவுக்குக் கிடைத்தவை கிரேக்க, லத்தீன் புத்தகங்கள். இந்த மொழிகள் தெரிந்த மனிதரா என்று வியந்து அவர் மரியாதையோடு திரும்பினார். சதி செய்தவன் எல்லை தாண்டி ஓடினான்.

துப்பறியும் நாவலின் இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. தடயத்தைக் கண்டுபிடிக்கவேண்டியவன் தடயத்தைச் செய்கிறான். மறைக்கவேண்டியவன் அதை எடுத்துக் காட்டுகிறான். சென்னையில் கோவிந்தன் கதாநாயகனாக விற்றுக்கொண்டிருந்த அதே வருஷங்களில், புதுச்சேரியில் அவன் வில்லன். பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ முற்றுப்பெறாமல் நம்மிடம் இருப்பதற்குக் காரணம் கையெழுத்துப் பிரதியை ஒரு வேவுகாரன் திருடிப்போனதுதான் என்று பாரதி அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அது மெய்யானால், தமிழ் நாவலின் வரலாற்றில் துப்பறிபவன் நேரடியாகத் தலையிட்ட சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

பாஷை இதை மறக்கவில்லை. எங்கள் தெருவில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறவனைப் பார்த்து, “என்னடா சி.ஐ.டி. வேலை பாக்கறியா?” என்பார்கள். துப்பு என்ற சொல்லே இரண்டாகப் பிளந்துதான் இருக்கிறது. துப்புத் துலக்குவது கௌரவம், துப்புக் கொடுப்பது கேவலம். குறளில் ஒற்றாடல் அரசனுக்குரிய அதிகாரம். ஒற்றன் அரசனின் கண். குடியானவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கண் எப்படி இருக்கும் என்று அங்கே பேச்சில்லை. ரங்கராஜுவிலும் இல்லை. கோவிந்தன் உண்மையைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் அந்த அதிகாரத்தைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. கோர்ட்டு இருக்கிறது, உண்மை வெளிவந்தால் நியாயம் கிடைத்துவிடும். அவருடைய உலகத்தின் எல்லைச் சுவர் அது. அந்த நாவல்கள் பழசாகிப்போனதற்கு வாக்கியங்களைவிட இந்த நம்பிக்கைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

கிணற்றில் ஜாடி விழுந்த வீட்டுக்காரர், 1915இல் புதுச்சேரி வாசத்தின்போதே, ஒரு கதை வெளியிட்டார். ‘குளத்தங்கரை அரசமரம்’. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பாடப்புத்தகம்வரை ஏறிவிட்ட கதை. தாகூரின் கதையொன்றின் சாயல் உண்டா இல்லையா என்று நாம் சண்டை போட்டிருக்கிறோம். அதைத் துப்பறியும் நாவலின் பக்கத்தில் வைத்து யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வைத்துப் பாருங்கள். ஒரு பெண் இறந்துகிடக்கிறாள். குளத்தில் ருக்மிணியின் உடல். அவளைக் கொன்றது யார்? ‘இராஜாம்பாள்’ கேட்கும் அதே கேள்வி, அதே கூடம், அதே கல்யாணப் பேரம். ஆனால் ஐயரின் கதையில் கோவிந்தன் இல்லை. அவன் இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. எல்லாவற்றையும் பார்க்கிறது, எல்லாவற்றையும் கேட்கிறது. எந்த அதிகாரியிடமும் போய்ச் சொல்லாது. ஒற்றர்களுக்கு நடுவில் வருஷக்கணக்காக வாழ்ந்த ஒருவர், பார்ப்பதும் ஆனால் துப்புக் கொடுக்காததுமான ஒரு சாட்சியைக் கற்பனை செய்தார் என்பது தற்செயல் அல்ல. இதற்கு நிரூபணம் கேட்டால் என்னிடம் கிடையாது. கதையே அதன் நிரூபணம்.

குற்றவாளியைத் தேடினாலும் கையில் அகப்படுவதில்லை. ருக்மிணியின் தகப்பனார் பணத்தை இழந்தது அர்பத்நாட் கம்பெனி முறிந்ததால். அது கற்பனையல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அந்த வங்கி விழுந்து எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு அந்த இடம் உறைப்பதில் ஆச்சரியமில்லை. சி.ஐ.டி. இலாகா பிறந்த வருஷமும் அதுதான். பணம் போனதும் மாமனார் வீடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறது. கணவன் நாகராஜன் கெட்டவன் அல்ல. கடைசி நிமிஷத்தில் எல்லோரையும் ஏமாற்றிவிட்டு இவளையே ஏற்கலாம் என்று மனசுக்குள் ஒரு விளையாட்டுத் திட்டம் வைத்திருக்கிறான். அதை அவளிடம் சொல்லவில்லை. அந்த ரகசியம் அவளைக் கொன்றுவிடுகிறது. வங்கியா, மாமனாரா, பணத்தோடு பெண்ணை எடைபோடும் வழக்கமா, காதலனின் மௌனமா? யாருக்கு விலங்கு மாட்டுவது?

ரங்கராஜுவில் ரகசியம் கடைசி அத்தியாயத்தில் அவிழ்ந்து எல்லோரையும் காப்பாற்றுகிறது. ஐயரில் ரகசியம் அவிழும்போது காலம் கடந்துவிட்டது. தமிழ்ப் புனைகதை இரண்டாகப் பிரிந்த இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிளை குற்றவாளியைக் கண்டுபிடித்துக்கொண்டே மேனகா, கோவிந்தன், சங்கர்லால் என்று ஜனங்களோடு போயிற்று. மற்றக் கிளை குற்றவாளியைச் சுட்ட மறுத்து, புதுமைப்பித்தனாகவும் மௌனியாகவும் உள்நோக்கித் திரும்பிற்று. ஆனால் வேர் ஒன்று. மூடிய வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்ற கேள்விதான் அந்த வேர். அதை முதலில் பகிரங்கமாக, ஆயிரக்கணக்கானவர் காதில் விழும்படி கேட்டவர்கள் நாம் பள்ளத்தில் போட்ட அந்த மூவர்தான். ஐயரின் கதை வந்தபோது அந்தக் கேள்வி வாசகனுக்குப் புதிதல்ல. பதில் இல்லாமல் விடப்பட்டதுதான் புதிது.

5

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “அப்படியானால் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையில் கிடக்கிற மாத நாவலையெல்லாம் விமர்சிக்க ஆரம்பித்துவிடலாமே” என்றார். கேலிதான். ஆனால் பதில் சொல்லவேண்டிய கேலி.

வாசகர் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை நிர்ணயிக்கும் பேச்சுக்கு நான் வரவில்லை. அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம். நான் சொல்வது வேறு. ஒரு உருவம் ஜனரஞ்சகமாக இருப்பதாலேயே அது எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றாகிவிடாது. துப்பறியும் நாவல் நமக்கு இரண்டு காரியங்கள் செய்தது. வீட்டின் கதவைத் திறப்பதற்கு ஒரு சாக்கு கொடுத்தது. குற்றம் என்பது கள்ளனிடமும் கொள்ளைக்காரனிடமும் மட்டும் இல்லை, மடிசாரிலும் காஷாயத்திலும் இருக்கிறது என்ற எண்ணத்தைச் சாதாரணமாக்கிற்று. சீர்திருத்தவாதி பிரசங்கமாகச் சொன்னதை அது சம்பவமாகச் சொன்னது. பிறகு வந்தவர்கள் அதன் கையில் இருந்த விலங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாவி யார் வீட்டது என்று சொல்ல நமக்குக் கூச்சம்.

சங்கர்லாலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான குற்ற நாவல்களில் அந்தச் சாவியும் தொலைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிணம் ஹோட்டல் அறைக்குப் போய்விட்டது. கடத்தலும் வைரமும் வெளிநாடும் வந்தன. வீட்டைத் திறந்து பார்க்கும் வேலை நின்றது. ரங்கராஜுவின் நாவல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. யாரும் அச்சிடலாம். பழைய ஆர்வத்தில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். விமர்சகன் செய்யவேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. கோவிந்தன் எந்தெந்த வேடத்தில் எந்தெந்த வாசல் வரை போனான், எந்த வாசலில் அவன் வேடமும் செல்லவில்லை என்று ஒரு பட்டியல் போடவேண்டும். குப்பத்துக்குள் அவன் வந்தானா? சேரிக்குள்? அவன் நுழையாத வீடுகளில் நடந்த குற்றங்களை எந்த அரசமரமும் நமக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு ரங்கராஜுவின் பேரில் மட்டும் எழுதப்படாது. மணிக்கொடி, எழுத்து பேரிலும், நம் பேரிலும் சேர்த்தே எழுதப்படும்.